கால்களை மீட்ட கென்னி அம்மையார்

நேற்று வரை ஓடி ஆடிக்கொண்டிருந்த குழந்தை. இரவில் லேசான காய்ச்சல் வருகிறது. கழுத்து வலிக்கிறது என்கிறது. இரண்டு நாள் கழித்து எழுந்து நிற்கச் சொன்னால், கால் துவண்டு விழுகிறது!

இதுதான் இளம்பிள்ளை வாதம். போலியோ என்றாலும் இதுதான்.

இந்த நோய்க்கு ஒரு கிருமி காரணம். அது வாய் வழியாக உள்ளே போகிறது. குடலில் பெருகுகிறது. பெரும்பாலான பேருக்கு அதோடு சரி. நோய் வந்ததே தெரியாமல் போய்விடும். ஏறக்குறைய இருநூறு பேரில் ஒருவருக்குத்தான் அது முதுகுத் தண்டுக்குள் நுழைகிறது. தசைகளை ஆட்டிவைக்கும் நரம்பு அணுக்கள் அங்கே இருக்கின்றன. கிருமி அவற்றைத் தாக்குகிறது. நரம்பு அணு செத்தால், அது ஆட்டிவைத்த தசை அசையாது. மூச்சு விட உதவும் தசைகள் முடங்கினால் உயிருக்கே ஆபத்து.

மூளை கெடுவதில்லை. தொடு உணர்ச்சியும் போவதில்லை. குழந்தைக்குக் கால் அசையாது. ஆனால் கால் வலிக்கும். பயங்கரமாக வலிக்கும்.

இந்த வலியைக் கண்ணால் பார்த்த ஒரு நர்சு, உலகத்து டாக்டர்களோடு பல ஆண்டு சண்டை போட்டார். அவர் பெயர் எலிசபெத் கென்னி. உலகம் அவரை சிஸ்டர் கென்னி என்று அழைத்தது.

அவர் கன்னியாஸ்திரீ அல்ல. படித்துப் பட்டம் பெற்ற நர்சும் அல்ல!

குதிரையிலிருந்து விழுந்தாள்

கென்னி ஆஸ்திரேலிய நாட்டுக்காரர். நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தில், வாரியால்டா என்ற ஊரில் 1880-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ந் தேதி பிறந்தார். தகப்பனார் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த விவசாயி. பிள்ளைகள் பலர். குடும்பம் ஊர் ஊராக மாறி, கடைசியில் குவீன்ஸ்லாந்து மாகாணத்தில் நாபி என்ற சிற்றூருக்கு வந்து சேர்ந்தது. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை.

சிறுமி எலிசபெத்துக்குக் குதிரைச் சவாரி என்றால் உயிர். ஒரு நாள் குதிரையிலிருந்து விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. தகப்பனார் அவளை டூவூம்பா என்ற நகரத்துக்குக் கொண்டுபோனார். அங்கே மெக்டானல் என்ற டாக்டர் கையைச் சரி செய்தார்.

கை கூடும் வரை அவள் அங்கேயே தங்க வேண்டியிருந்தது. சும்மா இருக்கவில்லை. டாக்டரின் அலமாரியில் இருந்த உடற்கூறு புத்தகங்களை எடுத்துப் படித்தாள். எந்தத் தசை எங்கே தொடங்குகிறது, எந்த எலும்பில் போய் ஒட்டுகிறது, எதை இழுக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டாள். வீட்டில் நோஞ்சானாக ஒரு தம்பி இருந்தான். அவனுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்து, உடம்பைத் தேற்றினாள்.

அந்த டாக்டர் கடைசி வரை அவருக்கு நண்பராக இருந்தார். நோயாளியைப் பற்றிச் சந்தேகம் வந்தால் அவருக்குத்தான் கேட்டு எழுதுவார்.

உருளைக்கிழங்கு தரகும் நர்சு உடையும்

நர்சு வேலைக்கு எப்படி வந்தார்? அது வேடிக்கையான கதை.

1907 வாக்கில் கென்னி தரகு வியாபாரம் செய்துகொண்டிருந்தார். விவசாயிகளின் விளைச்சலைப் பிரிஸ்பேன் நகரச் சந்தைக்கு விற்றுக் கொடுப்பார். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தது. பிறகு ஒரு மருத்துவச்சி நடத்திய சிறிய பிரசவ விடுதியில் வேலைக்குச் சேர்ந்தார். சமையல்கட்டில்தான் வேலை! ஆனாலும் கண்ணால் பார்த்தே பல விஷயங்களைக் கற்றுக்கொண்டார். வெளியே வரும்போது மருத்துவச்சியிடம் ஒரு நற்சான்று வாங்கிக்கொண்டார். சேர்த்த பணத்தைத் தையற்காரரிடம் கொடுத்து, நர்சு உடை ஒன்று தைத்துக்கொண்டார்.

அந்த உடையோடு ஊருக்குத் திரும்பினார். டாக்டர் இல்லாத பட்டிக்காடுகளில், குதிரை மீதேறிப் போய்ப் பிரசவம் பார்த்தார், காயத்துக்குக் கட்டுப்போட்டார். பின்னாளில், முறையாகப் பயிற்சி பெற்றதாக அவர் சொல்லிக்கொண்டது உண்டு. அது உண்மை அல்ல. எதிரிகளுக்கு அது நல்ல ஆயுதமாயிற்று.

தந்தி வந்தது

1911-ஆம் ஆண்டு என்று கென்னி தம் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அந்த ஆண்டைப் பற்றியும், நோயாளிகளின் எண்ணிக்கையைப் பற்றியும் பிறகு வந்த ஆராய்ச்சியாளர்களில் சிலருக்குச் சந்தேகம் உண்டு. நடந்ததாக அவர் எழுதியது இது.

ஒரு குடியானவர் வீட்டில் சிறுமி ஒருத்தி படுத்த படுக்கையாகக் கிடந்தாள். கை கால்கள் முறுக்கிக்கொண்டிருந்தன. தொட்டால் அலறினாள். கென்னிக்கு இது என்ன நோய் என்று தெரியவில்லை. டாக்டர் மெக்டானலுக்குத் தந்தி கொடுத்தார். பதில் தந்தி வந்தது. இது இளம்பிள்ளை வாதம், இதற்குச் சிகிச்சை கிடையாது, கண்ணுக்குத் தெரிகிற கோளாறுகளுக்கு ஏற்றபடி முடிந்ததைச் செய்யவும் என்று டாக்டர் தெரிவித்திருந்தார்.

கண்ணுக்குத் தெரிந்தது என்ன? தசைகள் கயிறு போல் இறுகி இருந்தன. இறுகிய தசையைத் தளர்த்த வேண்டும். அதற்குச் சூடு வேண்டும்.

உப்பை வறுத்துப் பையில் கட்டி வைத்தார். பயன் இல்லை. ஆளி விதையை அரைத்துச் சூடாகப் பற்றுப் போட்டார். வலி அதிகமாயிற்று. கடைசியாக ஒரு கம்பளியைத் துண்டு துண்டாகக் கிழித்தார். கொதிக்கும் நீரில் போட்டு எடுத்துப் பிழிந்து, வலிக்கிற தசைகள் மீது சுற்றினார். சற்று நேரத்தில் குழந்தையின் அழுகை நின்றது. தூங்கிப்போனாள்.

அக்கம்பக்கத்திலும் இதே நோய் கண்டவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் இதையே செய்தார். வலி போனதும் கை கால்களை மெல்ல மெல்ல அசைத்துக் கொடுத்தார். அவர்கள் எழுந்து நடந்தார்கள்.

பிறகு டாக்டரைப் பார்த்தபோது, கை கால்களுக்கு என்ன சட்டம் கட்டினாய் என்று அவர் விசாரித்தார். கென்னி விழித்தார். சட்டம் கட்ட வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது!

சட்டமும் மாவுக்கட்டும்

டாக்டர் ஏன் அப்படிக் கேட்டார்?

அந்தக் காலத்தில் உலகம் எங்கும் இந்த நோய்க்கு ஒரே முறைதான். கால் முடங்கினால் உடனே மரச்சட்டமோ மாவுக்கட்டோ போட்டு, அசையாமல் கட்டிவிடுவார்கள். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் குழந்தை அப்படியே கிடக்கும். அவர்கள் கல் நெஞ்சக்காரர்கள் அல்ல. காரணத்தோடுதான் செய்தார்கள். ஒரு மூட்டின் ஒரு பக்கத் தசை செத்துவிட்டால், எதிர்ப்பக்கத்து நல்ல தசை அதை இழுத்து மூட்டைக் கோணலாக்கிவிடும். அதைத் தடுக்கவே கட்டு.

ஆனால், கட்டை அவிழ்க்கும்போது கால் சூம்பியிருக்கும். மூட்டு இறுகிப்போயிருக்கும். நல்ல தசைகளும் வேலை இல்லாமல் மெலிந்திருக்கும். பிறகு வாழ்நாள் முழுதும் இரும்புப் பட்டையும் ஊன்றுகோலும்தான்.

கென்னி இதைத் தலைகீழாகப் பார்த்தார். வலித்து இறுகிக் கிடக்கும் தசைதான் நோயுற்ற தசை என்றார். அது ஓயாமல் இழுப்பதால், எதிர்ப்பக்கத்துத் தசை வேலை செய்யவே மறந்துவிடுகிறது, அது சாகவில்லை, மறந்ததை நினைவூட்டினால் போதும் என்றார்.

யார் சொன்னது சரி? அதைப் பிறகு பார்க்கலாம்.

இருட்டுக் கப்பல்

இதற்கிடையே 1914-ல் முதல் உலக யுத்தம் மூண்டது. கென்னி தாமாகவே இங்கிலாந்துக்குப் புறப்பட்டுப் போனார். நர்சுகளுக்குப் பஞ்சமாக இருந்த நேரம். ஆஸ்திரேலிய ராணுவத்தில் 1915-ல் சேர்த்துக்கொண்டார்கள். காயம்பட்ட சிப்பாய்களை ஆஸ்திரேலியாவுக்கு ஏற்றிச் செல்லும் கப்பல்களில் வேலை. எதிரியின் நீர்மூழ்கிக் கப்பலுக்குத் தெரியாமல் இருக்க, இரவில் விளக்கை எல்லாம் அணைத்துவிட்டுப் போகும் கப்பல்கள் அவை. அந்த இருட்டுக்குள்ளேதான் மருந்து கொடுக்க வேண்டும், கட்டு மாற்ற வேண்டும். பல தடவை கடலைக் கடந்தார். 1917-ல் சிஸ்டர் என்ற பதவி உயர்வு கிடைத்தது. ராணுவத்தில் அது லெப்டினண்டு பதவிக்குச் சமம். சண்டை முடிந்த பிறகும் அந்தப் பட்டத்தை அவர் விடவில்லை.

1926-ல் பக்கத்து வீட்டுச் சிறுமி ஒருத்தி ஏரில் சிக்கிப் படுகாயம் அடைந்தாள். கரடுமுரடான பாதையில் தூக்கிக்கொண்டு போனால் அதிர்ச்சியிலேயே உயிர் போய்விடும். கென்னி ஓர் அலமாரிக் கதவைக் கழற்றினார். அதன் மேல் சிறுமியை அசையாமல் படுக்கவைத்துக் கட்டி, டூவூம்பாவுக்குக் கொண்டுபோனார். சிறுமி பிழைத்தாள். அந்தக் கதவையே மாதிரியாக வைத்து ஒரு தூக்குப் படுக்கையை உருவாக்கி, மறு ஆண்டு காப்புரிமையும் பெற்றார். சில்வியா என்பது அதற்குப் பெயர். பல நாடுகளில் விற்பனை ஆயிற்று.

கென்னி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மேரி என்ற எட்டு வயதுப் பெண்ணைத் தத்து எடுத்து வளர்த்தார். பிற்காலத்தில் மேரியும் இந்தச் சிகிச்சையில் கை தேர்ந்தவர் ஆனார்.

ஓட்டலின் பின்புறத்தில்

1932-ல் டவுன்ஸ்வில் நகரில், ஓர் ஓட்டலின் பின்புறத்தில் துணிப் பந்தல் போட்டு, கென்னி ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினார். டாக்டர்கள் கைவிட்ட குழந்தைகள் வந்தார்கள். பலருக்குக் குணம் தெரிந்தது. செய்தி பரவியது. தாய்மார்கள் அரசாங்கத்தை நெருக்கினார்கள். குவீன்ஸ்லாந்து அரசாங்கம் உதவிக்கு வந்தது. மற்ற ஊர்களிலும் நிலையங்கள் எழுந்தன.

டாக்டர்கள் கொதித்தார்கள். படிக்காத பொம்பிளை கட்டுகளை அவிழ்ப்பதாவது! அரசாங்கம் விசாரணைக் கமிஷன் ஒன்றை நியமித்தது. டாக்டர்கள் அடங்கிய அந்தக் கமிஷன் 1938-ல் பெரிய அறிக்கை ஒன்றைக் கொடுத்தது. கட்டுப்போடாமல் விடுவது பெருந்தவறு, ஆபத்தானது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

வேறு ஒருவராக இருந்தால் மூட்டை கட்டியிருப்பார். கென்னி நல்ல உயரம். தோள் அகன்ற பெண்மணி. பெரிய தொப்பி வைப்பார். கோபம் வந்தால் எதிரில் நிற்க முடியாது. அரசாங்கமும் கமிஷன் சொல்லை அப்படியே ஏற்கவில்லை. பிரிஸ்பேன் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வார்டை அவர் பொறுப்பில் விட்டது. அங்கே இருந்த டாக்டர்கள் சிலர், அவருடைய நோயாளிகள் சீக்கிரம் தேறுவதையும், கை கால்கள் இறுகாமல் இருப்பதையும் கண்டார்கள். அமெரிக்காவுக்குப் போய்க் காட்டும்படி அனுப்பிவைத்தார்கள். வழிச்செலவு அரசாங்கத்துடையது.

மினியாபொலிசில் நடந்தது

1940-ல் மேரியை அழைத்துக்கொண்டு கென்னி அமெரிக்காவில் இறங்கினார். அப்போது வயது அறுபதை நெருங்கிவிட்டது. அந்த நாட்டின் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே இந்த நோயால் 1921-ல் கால்களை இழந்தவர். அதனால், நோயை ஒழிக்க அங்கே பெரிய நிதி திரட்டியிருந்தார்கள். ஆனால் நியூயார்க்கிலும் சிகாகோவிலும் கென்னியை யாரும் லட்சியம் செய்யவில்லை. புகழ்பெற்ற மேயோ மருத்துவமனை டாக்டர்கள்தான், மினியாபொலிஸ் நகருக்குப் போகும்படி வழி காட்டினார்கள்.

அங்கே மூன்று டாக்டர்கள் பொறுமையாகப் பார்த்தார்கள். கோல், நேப், போல் என்பது அவர்கள் பெயர்கள். பார்த்ததும் நம்பிவிடவில்லை. நோயாளிகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். மாதங்கள் போயின. ஆஸ்பத்திரியில் கட்டுகளும் சட்டங்களும் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின.

அந்தச் சிகிச்சை எப்படி இருந்தது?

கட்டிலில் மெத்தைக்கு அடியில் பலகை போட்டிருக்கும். குழி விழாது. கால்மாட்டில் நிமிர்ந்த பலகை ஒன்று. நோயாளி படுத்திருந்தாலும், நிற்பது போல் இரு பாதங்களும் அதில் ஊன்றியிருக்கும். பாதம் தொங்கிப்போகாமல் இருக்கவும், நிற்கும் பழக்கம் மறந்துபோகாமல் இருக்கவும் இந்த ஏற்பாடு.

பழைய கம்பளிதான் நல்லது. அதைத் தசையின் வடிவத்துக்கு ஏற்ப வெட்டிக்கொள்வார்கள். கொதிக்கும் நீரில் போட்டு எடுத்து, பிழியும் எந்திரத்தில் ஒரு முறைக்கு இரு முறை பிழிவார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கக் கூடாது. நின்றால் தோல் வெந்துவிடும். ஈரம் போய்ச் சூடு மட்டும் இருக்கும் கம்பளியைத் தசையின் மேல் சுற்றுவார்கள். மூட்டுகளை மூட மாட்டார்கள். அதற்கு மேல் மெழுகுத் துணி. அதற்கும் மேல் உலர்ந்த கம்பளி. ஆறியதும் மாற்ற வேண்டும். வலி அதிகமாக இருக்கும் நாட்களில் நர்சுகளுக்கு உட்கார நேரம் இராது. ஈரக் கம்பளியின் நாற்றத்தைக் கிழவர்களான பின்பும் பல நோயாளிகள் மறக்கவில்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இளம்பிள்ளை வாதத்தில் தொடு உணர்ச்சி போவதில்லை என்று பார்த்தோம். அதனால், சூடு அதிகம் என்றால் குழந்தை சொல்லிவிடும். பக்கவாதத்திலும், நாட்பட்ட நீரிழிவிலும் உணர்ச்சி மங்கியிருக்கலாம். அந்த நோயாளிகளுக்குச் சூடு தெரியாமலே புண்ணாகிவிடும். கைவைத்தியமாக அவர்களுக்கு ஒத்தடம் கொடுப்பது ஆபத்து.

வலி தணிந்த பிறகு அடுத்த கட்டம். நர்சு காலை மெல்ல அசைத்துக் கொடுப்பார். நோயாளி தாமாக முயலக் கூடாது. மனத்தை மட்டும் அந்த இடத்தில் வைக்க வேண்டும். எந்தத் தசை, அது எங்கே ஒட்டுகிறது என்று தொட்டுக் காட்டுவார்கள். பிறகுதான் நோயாளியின் முறை. மிக லேசாக, களைப்பு வராமல், சரியான தசையை மட்டும் கொண்டு அசைக்க வேண்டும். வேறு தசையால் எப்படியாவது காலைத் தூக்கிவிட்டால் கென்னி ஒப்புக்கொள்ள மாட்டார்.

புகழும் சண்டையும்

1941 முடிவில், ரூஸ்வெல்ட் தொடங்கிய நிதி நிறுவனமே கென்னி முறையை ஆதரித்தது. 1942 டிசம்பரில் மினியாபொலிசில் சிஸ்டர் கென்னி நிலையம் திறக்கப்பட்டது. பல இடங்களிலிருந்து டாக்டர்களும் நர்சுகளும் பயிற்சிக்கு வந்தார்கள். அவர் கதை 1946-ல் சினிமாவாக வந்தது. ரோசலிண்ட் ரஸ்ஸல் கென்னியாக நடித்தார். விசா இல்லாமல் அமெரிக்காவுக்கு வந்து போகும் உரிமையை அந்த நாட்டுப் பாராளுமன்றம் 1950-ல் அவருக்கு வழங்கியது. அமெரிக்க மக்கள் மிகவும் போற்றும் பெண்மணி யார் என்று 1951-ல் கருத்துக் கணித்தபோது, ரூஸ்வெல்ட்டின் மனைவியையும் முந்திக்கொண்டு கென்னியின் பெயர் முதலில் வந்தது.

இத்தனைக்கும் சண்டை ஓயவில்லை. 1944-ல் எலும்பு சிகிச்சை நிபுணர்கள் குழு ஒன்று அவரைக் கடுமையாகக் குறை சொன்னது. நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் குணமாவதாக அவர் கூறியது மிகை என்றது. அதில் நியாயம் இருந்தது. இந்த நோயில் தாமாகவே தேறுகிறவர்கள் ஏராளம். அவர்களையும் கென்னி தம் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

அவருடைய தத்துவமும் தவறுதான். நோயின் இருப்பிடம் தசை அல்ல, முதுகுத் தண்டு. இதில் டாக்டர்கள் சொன்னதே சரி. செத்த நரம்பு அணுவை எந்தக் கம்பளியாலும் எழுப்ப முடியாது. ஆனால், தாக்கப்பட்ட எல்லா அணுக்களும் சாவதில்லை. சில, அடிபட்டுப் பிறகு தேறுகின்றன. பிழைத்த அணுக்கள் புதிய கிளைகள் விட்டு, அநாதையான தசை நார்களையும் ஏற்றுக்கொள்கின்றன. அது நடக்கும் வரை தசை இறுகாமலும், மூட்டு உறையாமலும் காத்திருக்க வேண்டும். கென்னியின் நர்சுகள் அதைத்தான் செய்தார்கள். காரணத்தைத் தவறாகச் சொன்ன அவர், செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்துவிட்டார்! காரணம் தெரிந்த டாக்டர்களோ கட்டுப்போட்டுக் கெடுத்தார்கள்.

நடுங்கிய கைகள்

கடைசிக் காலத்தில் கென்னி அம்மையாருக்கே நரம்பு நோய் வந்தது. பார்க்கின்சன் நோய். கை நடுங்கும், உடம்பு விறைக்கும், நடை தளரும். மூளைக்குள் ஒரு சிறு பகுதியில் உள்ள அணுக்கள் அழிவதால் வருவது அது. அன்று அதற்கு நல்ல மருந்து இல்லை. 1951-ல் டூவூம்பாவுக்கே திரும்பிப் போய்விட்டார். மெக்டானலின் புத்தகங்களைப் புரட்டிய அதே நகரம்.

1952 நவம்பர் 30-ந் தேதி அங்கே காலமானார். வயது 72.

இளம்பிள்ளை வாதத்துக்கு டாக்டர் சால்க் கண்டுபிடித்த தடுப்பு மருந்து 1955-ல் வழக்கத்துக்கு வந்தது. பிறகு டாக்டர் சேபினின் சொட்டு மருந்து வந்தது. இந்தியாவில் கடைசியாக இந்நோய் கண்டது 2011 ஜனவரியில். 2014 மார்ச் 27-ந் தேதி, நோய் ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது.

மினியாபொலிஸ் நிலையத்துக்கு வேலை குறையவில்லை. பக்கவாதம் வந்தவர்கள், விபத்தில் முதுகுத் தண்டு முறிந்தவர்கள், மூளையில் அடிபட்டவர்கள் அங்கே வரத் தொடங்கினார்கள். வேறொரு மறுவாழ்வு நிலையத்தோடு சேர்ந்து பெயர் சற்று மாறிவிட்டது. கென்னி என்ற பெயர் மட்டும் அதில் இருக்கிறது.

அம்மையாரின் உடலை நாபிக்குக் கொண்டுபோனார்கள். தாயாரின் சமாதிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.